என் தழை பார்த்துப் போனவர்கள்

மானை நான் விரட்டியிருக்கிறேன். சுட்டதில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த நாளில் அரிமளத்துக்குத் தெற்கே இருந்தது அரண்மனைக் காடு. அதில் இருந்த மானும் அரண்மனை மான். விருந்தாளிகள் வேட்டைக்கு வந்தால் எங்கள் ஊர் ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு உள்ளே போய் விரட்டிவிட வேண்டும். பரண் மேல் இருப்பவர்கள் சுடுவார்கள். எங்களுக்கு வெடிச் சத்தம் கேட்கும். அதோடு சரி. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது. காட்டில் காவல் தளர்ந்தது. ஊர் ஊராக உள்ளே இறங்கினார்கள். கொஞ்ச வருஷத்தில் மான் தீர்ந்தது. முயல்தான் மிச்சம்.

என் அக்காளைக் கட்டிய மச்சான் அடுத்த ஊர். அவருடைய அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி பிறகு அவர் பேருக்கு லைசென்ஸ் ஆயிற்று. என்னிடம் துப்பாக்கி இல்லை. எனக்குத் தடம் பார்க்கத் தெரியும். அவருக்குக் குறி தப்பாது, ஆனால் முயல் படுத்திருக்கும் புதருக்கு மேலேயே நடந்து போவார். அதனால் சேர்ந்தே போவோம். அக்கா கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தடம் கண்டவன் ஒரு கிளையை ஒடித்து, அறுந்து விழாமல் ஒரு முறுக்கு முறுக்கித் தொங்க விடுவான். முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வழி. இரண்டு முறுக்கு இருந்தால் அங்கே நிற்க வேண்டும். இதற்குத் தழை முறிப்பது என்று பெயர். தழை முறித்தவனுக்குத்தான் முதல் வெடி. துப்பாக்கி யாருடையதானாலும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் இல்லாமல் அவன் தழை வழியில் யாரும் நடக்க மாட்டார்கள். எதிரே வந்தாலும் தழையைத் தாண்டாமல் சுற்றிப் போவார்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அடுத்தவன் வீட்டுக்குள் போய்விடுவோமா? அது போலத்தான் இதுவும்.

மாநிலங்களைப் பிரித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தை அறுப்பு முடிந்து நான் களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தேன். மச்சான் சைக்கிளில் வந்தார்.

"மாப்ள, மான் சுடுவமா?"

"எங்கிட்டு இருக்கு மான்? செவுத்துல வரைஞ்சு வச்சுத்தான் சுடணும்."

"மைசூர்ப் பக்கம் இருக்காம்டா. சத்தியமங்கலத்துல மலையேறிப் போனா அங்கிட்டு அவுக ராஜ்ஜியம். மந்தை மந்தையா நிக்குதாம். வெளியூர்க்காரனுக்கும் வேட்டை லைசென்ஸ் குடுக்குறாகளாம்."

"யாரு சொன்னா?"

"மில்லுக்கு வந்த லாரிக்காரன்."

மச்சான் அப்போது புதுக்கோட்டையில் ஒரு அரிசி மில்லில் மேஸ்திரி. லாரிக்காரர்கள் சொல்வதெல்லாம் அவர் காதுக்கு முதலில் வரும்.

"நீ மொதல்ல போயி எடத்தப் பாத்துட்டு வா. லைசென்ஸ் வேலைய நான் பாக்குறேன். மொத வெடி ஒனக்கு."

"நான் கேட்டனா?"

"கேக்கணுமா? தழை முறிக்கப் போறவன் நீ. வழக்கம்னு ஒண்ணு இல்லியா?"

இதை அவர் வாயால்தான் சொன்னார்.

மாசிக் கடைசியில் போனேன். திருச்சிக்கு பஸ், ஈரோட்டுக்கு ரயில், சத்தியமங்கலத்திலிருந்து மலைமேல் மறுபடி பஸ். வளைவுக்கு வளைவு பஸ் நின்று திணறித் திரும்பியது. மலையேறிய பிறகு கொஞ்ச தூரத்தில் கடைப் பலகை, மைல்கல் எல்லாம் கன்னட எழுத்து. எனக்குத் தமிழ் எழுத்தே தட்டித் தடவித்தான் வரும். அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் பார்த்த காடு உதவவில்லை. ரோட்டை ஒட்டிய காடு. மூங்கில் வெட்டும் சத்தம் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை கேட்டது. எங்கள் ஊரில் செம்மண் பொட்டலில் தடம் பளிச்சென்று கிடக்கும். இங்கே தரை முழுக்கச் சருகு. குளம்பு பதியவே இல்லை. புழுக்கையையும், மரப் பட்டையில் கொம்பு உரசிய இடத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மாட்டுச் சாணம் கிடந்த ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். அது ஒரு மாட்டுப் பட்டியில் போய் நின்றது. முள் வேலிக்குள் மாடுகள். ஓரமாக ஒரு குடிசை. கோடையில் காட்டுக்குள் மாடு ஓட்டிவந்து மழைக்குத் திரும்பிப் போகிற ஒரு பட்டிக்காரரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு.

"யாருங்க? மரம் பாக்க வந்தீங்களா?"

"இல்லண்ணே, மான் பாக்க வந்தேன்."

"பாக்கவா, திங்கவா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த அம்மாள் கேழ்வரகுக் களியும் மோரும் கொடுத்தது. புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டது. கிழக்கே, கடல் பக்கம் என்றேன். "அவ்வளவு தூரத்துல இருந்து ஒரு மானுக்கா?" என்றது. மோரை எடுத்துக் குடித்தேன்.

பட்டிக்காரர் மறுநாள் விடியலில் என்னைக் கூட்டிப் போனார். பட்டிக்குக் கீழே பள்ளத்தில் ஒரு ஊற்று. அதற்கு மேலே ஒரு மேடு. அந்த மேட்டு மண்ணில் உப்பு. மான் நக்கி நக்கிக் குழியாகி இருந்தது. அவர் ஊற்றைக் காட்டிச் சொன்னார்.

"இந்தக் கோடைக்கு எம் மாட்டுக்கு இந்தத் தண்ணிதானுங்க. இதை விட்டா ஆத்துக்குத்தான் ஓட்டோணும். அது தொலைவு, கன்னுக்குட்டிக தாங்காது. ரத்தம் சிந்துன தண்ணிக்கு மாடு வராதுங்க. அதனால தண்ணிகிட்ட வெடி வேண்டாம். மேட்டுக்கு வர்றதச் சுட்டுக்கங்க. பெட்டையையும் குட்டியையும் தொடாதீங்க."

"சரிண்ணே."

"உங்க பேச்சா?"

"என் பேச்சு."

அவர் வீட்டுக் களியைத் தின்றுவிட்டு நான் கொடுத்த பேச்சு அது.

மான் வந்தது. முதலில் பெட்டைகள், குட்டிகள். கடைசியில் கொம்பு மான். கொம்பு முற்றி, முனையெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. மேட்டில் ஏறி வந்து மண்ணை நக்கியது. நானும் பட்டிக்காரரும் காற்றுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அது நக்கும்போது கழுத்துத் தோல் ஏறி இறங்கியது வரை தெரிந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்குச் சுட்டிருக்க மாட்டேன். மச்சான் இல்லாமல் எப்படிச் சுடுவது?

திரும்பும்போது தழை முறித்துக்கொண்டே வந்தேன். மாட்டுத் தடம் வழியெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. கருக்கலில் வந்தால் தப்பிப் போகும். பட்டிக்காரரை மறுபடி எழுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். மேட்டில் இரண்டு முறுக்கு. பிறகு வழி பிரிகிற இடமெல்லாம் ஒவ்வொரு முறுக்கு. கடைசியாக ரோட்டோரத்து நெல்லி மரத்தில் ஒன்று. அந்தக் காட்டு யானைக்கும் கிளை ஒடிக்கத் தெரியும், முறுக்கத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆளைத் தவிர யாருக்கும் அது புரியாது. எங்கள் பக்கத்து ஆள் அடுத்தவன் தழையில் நடக்க மாட்டான். அப்படி நினைத்துத்தான் முறித்தேன்.

ஊர் வந்ததும் மச்சான் வீட்டு வாசலில் மண்ணைப் பரத்தி விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"தழை முறிச்சிருக்கியா?" என்றார் மச்சான்.

"முறிச்சிருக்கேன்."

"எங்கேருந்து?"

"பஸ்ஸுலருந்து எறங்குற எடத்துல ஒரு பாலம். பாலத்தத் தாண்டி ஒத்த நெல்லி மரம். அதுலருந்து மேடு வரைக்கும்."

பட்டிக்காரர் சொன்னதையும் சொன்னேன். தண்ணீர், பெட்டை, குட்டி எல்லாம்.

"மாட்டுக்காரன்கூட நமக்கென்ன வம்பு? மேட்டுலயே சுடுவோம். கொம்பு மான் ஒண்ணு போதும்."

"நான் பேச்சுக் குடுத்திருக்கேன் மச்சான்."

"நீ குடுத்தா நான் குடுத்த மாதிரிதானடா."

அக்கா சிரித்தாள். "ரெண்டு பேரும் மானை இங்கேயே சுட்டு முடிச்சுருவீக போல. காப்பி ஆறுது."

பிறகு தயார் செய்தோம். கோட்டைப்பட்டினத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயம் கிடைக்கும். போய் வாங்கி வந்தேன். இரும்புக் கரண்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி, குண்டு வார்த்தேன். அச்சு ஒட்டின கோடு தெரியாமல் அரத்தால் தேய்த்தேன். உருட்டிவிட்டால் கோணாமல் ஓட வேண்டும். ஓடாததைத் திரும்ப உருக்கினேன். என் சம்சாரம் பார்த்துவிட்டு, "கொழுக்கட்டைக்குக் கூட இம்புட்டுப் பதம் பாத்து உருட்டுனதில்ல நானு" என்றாள். வார்த்த குண்டையெல்லாம் மச்சானிடம் கொடுத்தேன். வெடிமருந்தும் தோட்டாக் கூடும் அவரிடம்தான் இருந்தன.

லாரி டயரை அறுத்து இரண்டு ஜோடிச் செருப்புத் தைத்தேன். ஒன்று அவருக்கு. சருகில் சத்தம் கேட்கக் கூடாது என்று அடியில் சாக்குத் துணி ஒட்டினேன். அவல் இடித்து வைத்தாயிற்று. உப்புக் கட்டி, கயிறு, சாக்கு எல்லாம் ஒரு மூட்டை. கண்மாய்க் கரையில் ஒரு உடைந்த பானையை வைத்துச் சுடப் பழகினேன். முதல் வெடியில் தோள் கழன்றது போல இருந்தது. பானை அப்படியே இருந்தது.

"மான் ஒன்னையக் கும்புடும் மாப்ள" என்றார் மச்சான்.

பிறகு சுட்டது பட்டது. "போதும், கை வந்துருச்சு" என்றார். முதுகில் தட்டினார்.

பங்குனி பாதி போய்விட்டது. லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வரவில்லை என்றார். இன்னொரு தடவை கேட்டேன். "மைசூர்க்காரன் கெடுபிடி பண்றான்டா. பொறு" என்றார். நான் பொறுத்தேன். மூட்டை உத்தரத்தில் தொங்கியது.

ஒரு நாள் காலையில் அக்கா வந்தாள். ஒரு கையில் தூக்குச்சட்டியில் கஞ்சி. இன்னொரு கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம்.

"இந்தா, ஒன் பங்கு."

"என்ன பங்கு?"

"மான் கறிடா. இப்ப எப்புடி இருக்கு ஒனக்கு?"

"எனக்கென்ன?"

"காச்சல்னு மச்சான் சொன்னாகளே. மேலு சரியில்ல, நீங்க போயிட்டு வாங்கன்னு நீதான் சொல்லிவிட்டியாமே. இம்புட்டுத் தூரம் அலைஞ்சு எடத்தப் பாத்துட்டு, போற நேரத்துல படுத்துக்கிட்டியேடா."

என் சம்சாரம் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அக்காளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சொன்னதை நம்பி வந்திருக்கிறாள்.

"ஆமாக்கா" என்றேன். "காச்சல்தான்."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "இப்ப விட்டுருச்சு போல" என்றாள்.

அவள் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். உப்புத் தடவிய ஒரு கால். குளம்போடு இருந்தது. குளம்பு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான்.

"கொழம்பு வைக்கவா?" என்றாள் சம்சாரம்.

"வேணாம்."

கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். "கறியப் போயி யாராச்சும் பொதைப்பாகளா?" என்றாள். "குட்டி" என்றேன். 

மத்தியானம் புதுக்கோட்டைக்குப் போனேன். மில்லில் உமி பறந்துகொண்டிருந்தது. மச்சான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலில் நான் தைத்த செருப்பு. என்னைப் பார்த்ததும் வெளியே கூட்டி வந்தார்.

"வா மாப்ள. ஒங்கிட்ட வரணும்னுதான் இருந்தேன்."

"மான் சுட்டீகளாம்."

"மொதலாளி கேட்டுட்டாரு. அவரு ஜீப்புலதான் போனம். அவரு, அவரு கூட்டாளிக ரெண்டு பேரு, நானு, டிரைவரு. சாமான் வேற. எடமில்லடா. இருந்தா ஒன்னைய விடுவனா?"

"வழி எப்புடித் தெரிஞ்சுச்சு?"

"ஒன் தழை இருந்துச்சுல்ல. நெல்லி மரத்துலருந்து பிடிச்சுக்கிட்டுப் போயிட்டம். நல்லா முறிச்சிருந்த. எங்கேயும் தப்பல. மொதலாளியே மெச்சிக்கிட்டாரு, கெட்டிக்காரப் பயன்னு."

"மொத வெடி?"

"அவருதான். அவரு ஜீப்பு, அவரு லைசென்ஸ் எடுத்தாரு. வேற யாரு சுடுறது?"

"மேட்டுலயா?"

மச்சான் உமிக் குவியலைப் பார்த்தார்.

"மான் எங்கிட்டு நிக்குதோ அங்கிட்டுத்தானடா சுட முடியும். தண்ணியில நின்னுச்சு. அவுகளுக்குப் பொறுமை இல்ல. கொம்பு மான் ஓடிப் போச்சு. மத்ததுதான் விழுந்துச்சு."

"நான் பேச்சுக் குடுத்திருந்தேன்."

"காட்டுல கெடக்குற மாட்டுக்காரன்டா அவன். ஒன்னைய மறுபடி பாக்கவா போறான்?"

என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கை ஓங்கியிருந்தால் நானும் ஓங்கியிருப்பேன். அவர் என் தழையை மெச்சினார். தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுக்கக் கூப்பிட்டார். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

அந்த வாரமே உத்தரத்திலிருந்து மூட்டையை இறக்கினேன். உப்பையும் கயிற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு அவலை மட்டும் கட்டிக்கொண்டேன். எங்கே என்று சம்சாரம் கேட்டாள். மைசூர்ப் பக்கம் என்றேன்.

நெல்லி மரத்தில் என் தழை காய்ந்து தொங்கியது. முறுக்கு விடவில்லை. அதை நானே பார்த்துக்கொண்டு நடந்தேன். பட்டியில் வேலி முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை முதலில் பார்த்தது அந்த அம்மாள்தான்.

"வந்துட்டாருங்க, தழைக்காரரு" என்றது. "இன்னைக்கு எத்தனை பேரைக் கூட்டியாந்தீங்க?"

பட்டிக்காரர் முள்ளைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"நீங்க வந்தீங்களா அவங்களோட?"

"வரலண்ணே."

"தழை உங்களுதுதானே? ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வந்தாங்க. நான் மாடு ஓட்டிக்கிட்டு எதுக்க வந்தேன். தண்ணிகிட்ட வேண்டாமுன்னு கத்துனேன். உங்க ஆளு சொல்லித்தான் வந்தோமுன்னு சொன்னாங்க."

"தழை என்னோடதுதான்."

"அப்ப யாருங்க அது?"

சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். அவ்வளவு தூரம் போனது சொல்லாமல் இருப்பதற்கு இல்லை.

"எங்கக்கா புருசன்."

அவர் கீழே போட்ட முள்ளை மறுபடி எடுத்தார்.  அந்த அம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. வாங்கிக் குடித்தேன். 

"மாடு பள்ளத்துல எறங்கவே மாட்டேங்குதுங்க" என்றார் பட்டிக்காரர். "ஆத்துக்கு ஓட்டுறோம். ஒரு கன்னுக்குட்டி வழியிலயே படுத்துருச்சு. அதான் பட்டியப் பிரிச்சு ஆத்துப் பக்கமே போறோமுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

வேலி பிரிப்பதில் அவருக்குக் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. மாடுகள் போன பிறகு மேட்டுக்குப் போனேன். இரண்டு முறுக்குத் தழையை அறுத்துப் போட்டேன். அங்கிருந்து நெல்லி மரம் வரை ஒன்று விடாமல் அறுத்துக்கொண்டே வந்தேன். கொம்பு மானைப் பார்க்கவில்லை. பார்க்க நினைக்கவும் இல்லை.

அடுத்த மாசியில் சிவராத்திரி முடிந்து ஊர்கூடிப் பாரி வேட்டைக்குப் போனோம். அது சாமிக்குச் செய்கிற வேட்டை. வராமல் இருக்க முடியாது. பல ஊர் ஆட்கள், கம்பு, நாய். மச்சான் துப்பாக்கியோடு வந்திருந்தார். இடைப்பட்ட நாளில் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அக்கா போட்ட சோற்றை அவர் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். காட்டுக்கு மட்டும் சேர்ந்து போகவில்லை.

அன்றைக்கு யாரோ கைகாட்டி ஒரு சூரைப் புதரில் முயல் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காரைச் செடியில் ஒரு கிளையை ஒடித்து முறுக்கித் தொங்க விட்டார். எல்லாரும் நின்றார்கள். நாய்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

"மாப்ள, தழை கெடக்கு" என்றார்.

நான் நடந்தேன்.

"யோவ், தழை கெடக்குய்யா! கண்ணு தெரியலயா?" என்று அடுத்த ஊர் ஆள் ஒருவர் கத்தினார்.

"தெரியுது" என்றேன்.

தழையைத் தாண்டி, புதரை ஒட்டி, அவருக்கு முன்னாலேயே நடந்து போனேன். முயல் கிளம்பி ஓடியது. நாய்கள் குரைத்தன. மச்சான் துப்பாக்கியைத் தூக்கவில்லை. அத்தனை ஊர் ஆட்களும் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.  ஏன் என்று மச்சான் கேட்கவில்லை.

சாயந்திரம் கோயிலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, மச்சான் முறிச்ச தழையத் தாண்டிப் போனியாமே? ஊரே பேசுது. கண்ணுகிண்ணு மங்குதா ஒனக்கு?"

"ஆமாக்கா" என்றேன். "மங்குது."

அவள் என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்து இரண்டு கண்ணையும் பார்த்தாள்.